ஓலையைக் கிழிக்கும் முன்

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு ஓலை வழக்கின் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பித்தன் என்று ஏசி, துரத்திப் பிடித்து, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார்.

வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் அதை வாங்கிப் படிக்கிறார்கள். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே, கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகப் பாடியிருக்கிறார்.

பக்தியோடு கேட்டு வளர்ந்த கதை இது. வீட்டுச் சண்டைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சபைதான் ஞாபகம் வருகிறது. கோபத்தில் நாம் கிழிப்பது பெரும்பாலும் படி ஓலையைத்தான். மூலத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பதே இல்லை.

கோபம் உடம்பில் செய்வது

கோபம் வந்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. நாடி எகிறும், பிரஷர் ஏறும், வாய் உலரும், கை துடிக்கும். நிதானமாக யோசிக்கும் முன்மூளையின் பிடி அந்த நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கணவன் மனைவியரைப் பேசவிட்டு அவர்களுடைய நாடித்துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, பேச்சை நிறுத்திவிட்டு 20 நிமிடமாவது கழித்துத் தொடருங்கள் என்பது அவர் யோசனை. அந்த 20 நிமிடமும் "என்னைப் பார்த்து அப்படிக் கேட்டுட்டாளே" என்று மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தால் பயனில்லை. 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களிலேயே துடிப்பு இறங்கத் தொடங்கும்.

மூல ஓலை எங்கே?

சாயங்காலம் ஒருவர் கரும்பு வயலிலிருந்து நாலு முறை வீட்டுக்குப் போன் செய்கிறார். மனைவி எடுக்கவில்லை. வெட்டுக்கூலி பாக்கி, கட்டர்களின் முணுமுணுப்பு எல்லாம் அவர் தலையில் ஏறி இருக்கிறது. வரப்பிலேயே முடிவு கட்டிவிடுகிறார்: "என்னை மதிக்கிறதே இல்லை." வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே குரல் உயர்கிறது.

"போன சார்ஜுல போட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேங்க."

நடந்தது இவ்வளவுதான். போன் எடுக்கப்படவில்லை என்பது மூல ஓலை. மதிக்கவில்லை என்பது அவர் மனம் எழுதிக்கொண்ட படி. 1960களில் மனச்சோர்வு நோயாளிகளோடு பேசிப் பேசி ஆரோன் பெக் என்ற மருத்துவர் கண்டறிந்ததும் ஏறக்குறைய இதுதான். சம்பவத்துக்கும் உணர்ச்சிக்கும் நடுவே கணநேரத்தில் ஓர் எண்ணம் ஓடுகிறது. அதை நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்கலாமா என்று கேட்கப் பழக்குவது அவர் உருவாக்கிய சிகிச்சையில் முக்கியமான பகுதி. நம் சபையார் கையெழுத்தை ஒப்பிட்டதும் அப்படிப்பட்ட வேலைதான்.

நாளடைவில் இது பழகிவிடும். "ஏன் போன எடுக்கல?" என்பதற்குப் பதில் "நாலு தடவ அடிச்சேன், என்னாச்சும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் குரலே வேறாக இருக்கும்.

முன்சக்கரம்

வில்லியம் கிளாசர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1998இல் வெளியான தன் நூலில் மனித நடத்தையைக் காருக்கு ஒப்பிட்டார். செயலும் எண்ணமும் முன்சக்கரங்கள். உணர்ச்சியும் உடல்நிலையும் பின்சக்கரங்கள். ஸ்டியரிங் முன்சக்கரத்தைத்தான் திருப்பும், பின்சக்கரம் தானாகத் தொடர்ந்து வரும். "கோபப்படாதே" என்று ஒருவரிடம் சொல்லிப் பயனில்லாததற்குக் காரணம் இதுதான். எழுந்து போய் முகம் கழுவு, ஒரு சொம்புத் தண்ணீர் குடி என்றால் செய்ய முடியும்.

முன்கூட்டியே செய்துவைக்கும் செயல்களும் உண்டு. விவசாய வீடுகளில் மிக முக்கியமானது பூச்சி மருந்தை வீட்டுக்குள் வைக்காமலிருப்பது. கோபத்திலோ அவமானத்திலோ எழும் விபரீத எண்ணம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லை என்றால் ஓர் உயிர் மிஞ்சும். பக்கத்துக் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை சினேகா அமைப்பு கிராமத்துக்குப் பொதுவான இடத்தில் பூட்டுள்ள பெட்டகங்கள் வைத்து இதைச் செய்து காட்டியது. உங்கள் வீட்டு மருந்து இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எண்ணத்தை மாற்றினால் தீராதவை

மனச்சோர்வைக்கூட மனிதர் தாமே தேர்ந்துகொள்கிறார் என்கிற அளவுக்கு கிளாசர் போனார். அதை நான் ஏற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருப்பவரிடம் "மனச மாத்திக்கோ" என்பது காய்ச்சல்காரரிடம் சூட்டைக் குறைத்துக்கொள் என்பதைப் போன்றது. அவருக்கு வைத்தியம் வேண்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய்க் காட்டுவதில் எந்த வெட்கமும் இல்லை.

அடி வாங்கும் பெண்ணிடமும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லக் கூடாது. அவர் கூப்பிட வேண்டிய எண் 181.

மனம் தாங்காமல் போகும் எந்த நேரத்திலும் 14416ஐ அழைக்கலாம். இரவு பகல் 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.