தென்சீன மரபில் முழுப்பன்றிச் சூடு: தோலும் சடங்கும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் காந்தோனியச் சீனரின் திருமணம், நீத்தார் வழிபாடு, கடைத் திறப்பு ஆகிய நிகழ்வுகளில், முழுதாகச் சுடப்பட்ட பன்றி செம்பொன் நிறத்துடன் படைக்கப்படுவதைக் காணலாம். இதனைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்பதே முதற்சிக்கல். 'வறுத்த பன்றி' எனும் தொடர் எளிதில் வாய்க்கு வரினும் பொருந்தாது. வறுத்தல் சட்டியில் நிகழ்வது. வாட்டுதல் அனலில் சிறுபொழுது காட்டுதல். காந்தோனியரின் 'சியூ' எனும் வினையோ தீயின் வெம்மையில் சுடுதலைச் சுட்டுகிறது. ஆதலின் 'சூடு', 'சூட்டிறைச்சி' எனும் பழஞ்சொற்களே இதற்கு ஏற்றவை என்பது எம் கருத்து.

இவ்வழக்கம் தொன்மையானது. குவாங்சோ நகரில் 1983ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நான்யுவே மன்னனின் கல்லறை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குக் கிடைத்த வெண்கலச் சூட்டடுப்பு ஒன்றன் பக்கங்களில் சிறு பன்றி உருவங்கள் வார்க்கப்பட்டுள்ளன. ஆயினும் அக்காலத்துச் சமையல் அனைத்தும் மொறுமொறுப்பான தோலை நாடியதெனக் கொள்ளுதல் கூடாது. 'லீ ஜீ' எனும் சடங்கு நூல் கூறும் முறையில், பன்றியின் வயிற்றில் இலந்தையினப் பழங்களை அடைத்து, நாணலால் சுற்றி, களிமண் பூசிச் சுடுவர். பின்னர் அரிசிமாக் குழம்பு தடவிக் கொழுப்பில் பொரித்து, மூன்று நாள் இடையறாது வெந்நீர்க் கலத்துள் வைத்து வேகவிடுவர். குழைவே அங்கு நோக்கம். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிசியே இயற்றிய 'சீமின் யாவோசூ' எனும் வேளாண் நூலில்தான் இன்றைய முறையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. பால்குடி மாறாத குட்டியைக் கோலிற் கோத்து, தீயினின்று விலக்கிப் பிடித்து, ஓயாது சுழற்றி, நிறம் ஏறத் தெளிந்த மதுவையும் பளபளப்புக்குப் பன்றிக் கொழுப்பையும் பலமுறை பூசுமாறு அந்நூல் கூறுகிறது.

தோல் மொறுமொறுப்பாவது எங்ஙனம்? பன்றித்தோல் பெரும்பாலும் கொலாஜன் எனும் நார்ப்புரதமும் நீரும் ஆனது. அதனை அப்படியே கடுந்தீயில் காட்டினால் சுருங்கித் தோற்பட்டை போல் இறுகிவிடும். எனவே முதலில் கொதிநீர் ஊற்றப்படுகிறது. சுருங்கிய நார் பின்னர் ஈரமும் வெப்பமும் சேர மெல்ல நெகிழ்ந்து ஊன்பசையாக மாறுகிறது. அடுத்து, பன்றியைக் காற்றோட்டத்தில் தொங்கவிட்டுப் பல மணி நேரம் உலர்த்துவர். சமையற்காரர் பலர் மசாலையைப் பற்றி மிகுதியாகப் பேசுவர்; உண்மையில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது இவ்வுலர்த்தலே. ஈரம் மிகுந்தால் தோல் அவிந்து இழுபடும். முற்றும் வற்றினால் உப்பாது. எஞ்சிய சிறிதளவு நீர் கடுவெப்பத்தில் ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகையில், நெகிழ்ந்த தோலை உள்ளிருந்து ஊதி நுண்குமிழ்களாக்குகிறது. பொரி அரிசி உப்புவதும் இவ்வாறே.

இதில் இரு வகை உண்டு. முள்வாங்கி போன்ற கருவியால் தோலெங்கும் குத்தி, எண்ணெய் பூசிக் கடுந்தீயில் சுடுவது 'எள்தோல்' எனப்படும். எள் தூவியது போன்ற சிறு குமிழ்கள் அதன் அடையாளம். காடியும் மால்ட்டுச் சர்க்கரைப் பாகும் பூசி மிதமான தீயில் சுடுவது 'பளிங்குத்தோல்' வகை. அது கண்ணுக்கு அழகியது. ஆனால் பல்லுக்குச் சற்றுக் கடினம், விரைவில் பதமிழக்கும். பாகிலுள்ள சர்க்கரை புரதத்துடன் வினைபுரிந்து செந்நிறம் தருவதை 1912இல் மாயார் எனும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார்.

இந்நிறமும் முழுமையும் வெறும் சுவைப் பொருளல்ல. சிங் மிங் நாளில் முன்னோர் கல்லறையில் படைத்த பன்றியை வெட்டிக் குலத்து ஆண்மக்களுக்குப் பங்கிடுவது தென்சீனக் கிராமங்களின் மரபு. பங்கு பெறுதல் குல உரிமைக்குச் சான்று. பங்கு மறுக்கப்படுதல் குலத்தினின்று விலக்கப்படுவதற்கு ஒப்பாகும். பெண்களுக்கு அதில் பெயரளவிலும் இடமில்லை. திருமணத்திலோ, பெண்ணின் மானமே பன்றியைச் சார்ந்திருந்தது. மூன்றாம் நாள் மணமகள் தாய்வீடு திரும்புகையில் மணமகன் வீட்டார் சூட்டுப்பன்றி அனுப்பினால், அவள் கன்னித்தன்மையை அவர்கள் ஏற்றனர் என்பது பொருள். பன்றி வாராவிடில் ஊரறிய அவமானம். பெண்ணின் சொல்லுக்கு அங்கு மதிப்பில்லை. பன்றியின் வருகையே சாட்சி. சீனப் பண்பாட்டை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், உணவின் சிறப்பைக் கூறுமிடத்தில் இக்கொடுமையை மறைத்துச் செல்வது முறையன்று.

இன்று இந்நாடுகளில் அப்பொருள் பெரிதும் மங்கிவிட்டது. பன்றி பெரும்பாலும் மகிழ்ச்சிக்கும் வளத்துக்கும் அடையாளமாகவே அனுப்பப்படுகிறது. பெண்வீட்டார் நடுப்பகுதியை உறவினர்க்குப் பகிர்ந்து, தலையையும் வாலையும் மணமகன் வீட்டுக்குத் திருப்பியனுப்புவர். தொடக்கமும் முடிவும் நன்றாக அமைக என்பது அதன் குறிப்பு. முழுப்பன்றி வாங்க இயலாத அல்லது விரும்பாத குடும்பத்தார், தகர டப்பாவில் அடைத்த பன்றிக்காலைச் சீர்த்தட்டில் வைத்து அனுப்புகின்றனர். அதற்குத் தோலின் மொறுமொறுப்பும் இல்லை. எவர் மானத்துக்கும் சாட்சி சொல்லும் வேலையும் இல்லை.