ஒரு நாளில் பல ஆலயங்கள்



சங்கரன்கோவில் திருக்கோயிலில் சங்கரலிங்கர், கோமதியம்மை ஆகிய இருவர் சந்நிதிகளுக்கும் நடுவே சங்கரநாராயணர் எழுந்தருளியிருக்கிறார். அத்திருமேனியின் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், தத்தம் தெய்வமே பெரிதென வழக்காடினர் என்றும், இருவரும் ஒருவரே எனக் காட்ட இறைவன் எடுத்த கோலம் இது என்றும் தலபுராணம் கூறும். ஆடித்தபசு விழா இக்காட்சியை ஒட்டியே நடைபெறுகிறது.

சைவ வைணவ வழக்கை ஒரு திருவுருவத்தால் தீர்த்துவைத்தனர் நம் முன்னோர். ஆனால் பல சமயத்தார் நெருங்கி வாழும் மாநகரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திருவுருவம் அமைத்தல் இயலாது. அங்கே இணக்கம் எதனால் நிலைபெறுகிறது? விடுமுறையில் சென்னைக்குச் செல்லும்போது ஒரு நாளை ஒதுக்கி, நகரை வடக்கிலிருந்து தெற்காகச் சுற்றிப் பாருங்கள், விடை கிடைக்கும்.

காலையில் இராயபுரத்தில் தொடங்கலாம். பாரசீகத்திலிருந்து முற்காலத்தில் நம் நாட்டிற்கு வந்த பார்சி மக்களின் அக்கினி ஆலயம் அங்கே 1910ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. பிற சமயத்தார் அதனுள் செல்லுதல் மரபன்று. ஆகவே வெளியே நின்று வணங்கித் திரும்ப வேண்டும். பிறர் வீட்டில் நமக்குத் திறக்காத அறையும் இருக்கும் என்பதை உணர்தல் அன்றைய முதற்பாடம்.

அடுத்து, கடற்கரை நிலையத்திற்கு அப்பால் உள்ள அர்மீனியன் தெரு. அங்குள்ள அர்மீனியர் தேவாலயம் 1712இல் எழுந்து, 1772இல் புதுப்பிக்கப்பெற்றது. அதனைக் கட்டிய வணிகக் குடியினர் இன்று நகரில் ஏறக்குறைய இல்லை. எனினும் அக்குடியைச் சேர்ந்த கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பார் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது தம் பொருளால் ஒரு பாலம் கட்டுவித்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அவரே அமைத்தார். மலைப்படிகள் அவர் சமயத்தார் யாத்திரைக்கு உதவின. பாலமோ ஆற்றைக் கடக்க வந்த எல்லோருக்கும் உதவியது. அப்பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலையடிகள் பாலம் உள்ளது; பழைய கல்வெட்டு அருகே நிற்கிறது.

நண்பகலில் நடை சாத்துமுன் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை அடைந்துவிட வேண்டும். 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் தொடர்புடைய பழம்பதி இது, ஆழ்வார்களால் பாடப்பெற்றது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், 1795இல் ஆர்க்காட்டு நவாபு வாலாஜா குடும்பத்தார் எழுப்பிய பெரிய பள்ளிவாசல். மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டப்பட்டது என்பர். அதன் சுவரில் ஒரு பாரசீகத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வரும்படி அமைந்த தொடர் அது. அதனை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த இராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது சிந்து நாட்டை விட்டு வந்த இந்துக்கள் மயிலாப்பூரில் சூஃபிதார் என்னும் வழிபாட்டு மன்றத்தை ஏற்படுத்தினர். அம்மன்றத்தின் தொண்டர்கள் பல ஆண்டுகளாக ரமலான் மாதத்தில் இப்பள்ளிவாசலுக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்து, நோன்பு திறப்பவர்க்குப் பரிமாறி வருகின்றனர். சமயத்தின் பெயரால் வீடிழந்தோரும் அவர்தம் வழியினரும் செய்யும் தொண்டு இது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிற்பகலில் சாந்தோம். ஏசுநாதரின் சீடர் தோமையார் அடக்கமான இடமென்று கிறித்தவர் போற்றும் தலம் அது. இப்போதுள்ள உயர்ந்த கோபுர ஆலயம் 1896இல் கட்டி முடிக்கப்பெற்றது. மாலையில் அங்கிருந்து நடந்தே மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலுக்குச் செல்லலாம்.

இவ்விரு தலங்களுக்கும் இடையே ஒரு பழைய துயரமும் உண்டு. அதை மறைத்தல் ஆகாது. சம்பந்தர் பாடிய பழங்கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை இடித்தனர் என்பர் வரலாற்றாசிரியர் பலர்; கடல் கொண்டது என்பாரும் உளர். அதன் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்துள்ளன. இன்றைய கோயில் பின்னர் எழுந்தது. அதன் முன்னுள்ள குளத்திற்கு நிலம் அளித்தவர் ஒரு நவாபு என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இடித்தோரும் கொடுத்தோரும் ஒரே நகரின் வரலாற்றில் இருக்கின்றனர். இடித்ததை மட்டும் படிப்பவன் பகையைக் கற்கிறான். கொடுத்ததை மட்டும் படிப்பவன் பாதி வரலாற்றையே அறிகிறான். பகை தலைதூக்கும் நாளில் அவன் திகைத்து நிற்பான். இரண்டையும் அறிந்து, தான் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்பவனே கற்றவன். மாநகரின் இணக்கம் தானாக வளர்ந்ததன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் தம் கைப்பொருளாலும் உழைப்பாலும் தாங்கி வந்தது.

ஆலயம் எதுவாயினும் காலணியைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். தலையை மூடச் சொன்னால் மூடுங்கள். வழிபடுவோரின் குறுக்கே செல்லாதீர்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இதைக் கட்டியவர் யார், இதில் பிற சமயத்தாரின் கை எங்கே படிந்திருக்கிறது என்னும் இரு வினாக்களுக்கும் விடை எழுதுங்கள். சென்னைக்குச் செல்ல வாய்ப்பில்லாதோர் தம் ஊர்ப் பெரியோரிடம் இதையே கேட்கலாம். பந்தலுக்குக் கழி கொடுத்தவர், தேர்வடம் பிடித்தவர், கந்தூரிக்கு அரிசி அளந்தவர் என்று பெயர்கள் வரும். அவற்றை எழுதி வையுங்கள்.