கணிப்பொறி முன்னும் பாடத்திட்டம் பின்னும்

பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டத்தை வகுத்த பின்னரே கருவிகளை வாங்குவது வழக்கம். கணிப்பொறி இயலைப் பொறுத்தமட்டில் இம்முறை தலைகீழாயிற்று. 1963 ஆகஸ்டு மாதம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தபோது, அவ்வியலுக்கெனத் தனிப் பட்டப்படிப்பு அங்கு இல்லை.

அவ்வெந்திரத்தின் கூட்டல் முறை விந்தையானது. நினைவகத்தில் பதித்து வைத்த வாய்ப்பாட்டைப் பார்த்தே அது இரண்டு இலக்கங்களைக் கூட்டியது. தொடக்கப்பள்ளி மாணவனும் ஏறக்குறைய அவ்வாறே செய்கிறான். ஆயினும் அதனைச் சிறந்த கல்விக் கருவியாக்கியது அதன் அமைப்பன்று, அதனைக் கையாள விட்ட முறையே. மாணவர்கள் போர்ட்ரான் மொழியில் கட்டளைகளை எழுதி, அவற்றை அட்டைகளில் துளையிட்டு, எந்திரத்திற்கு அளித்து, தம் பிழைகளைத் தாமே கண்டு திருத்தினர். அட்டைகளை அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பவருக்கு இப்பயிற்சி வாய்ப்பதில்லை. பிற நிறுவனங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளருக்கும் சில நாட்கள் நடைபெறும் தீவிர வகுப்புகள் அங்கு நடத்தப்பெற்றன.

இவ்வனுபவத்தின் பயனாக, 1965-இல் மின்பொறியியல் துறைக்குள் கணிப்பொறி இயல் முதுநிலைப் படிப்பின் ஒரு விருப்பப் பிரிவாயிற்று. 1968-இல் அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கம் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. நிரல் எழுதுதலோடு தரவு அமைப்பு, தனிநிலைக் கணிதம் முதலியனவும் அதில் இடம்பெற்றன. எந்திரம் மாறினும் இவை மாறாதவை. கற்பிக்கத் தகுந்த அடிப்படை இவற்றில்தான் உள்ளது.

கான்பூரில் கணிப்பொறி இயலுக்கெனத் தனி இளநிலைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு 1978-இல்தான் தொடங்கிற்று. எந்திரம் வந்து அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.