காந்தியின் உடைமைகள் ஏலம் (2009)

காந்தியின் உடைமைகள் ஏலம் என்பது, மகாத்மா காந்தி பயன்படுத்திய சில பொருட்கள் 2009 மார்ச் 5 அன்று நியூயார்க் நகரில் ஏலம் விடப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். இந்திய மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா, தம் பிரதிநிதி மூலம் அவற்றை 18 இலட்சம் டாலருக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 9 கோடி ரூபாய் ஆகும்.

பொருட்கள்

மூக்குக் கண்ணாடி, தோல் செருப்பு, சட்டைப்பைக் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை ஏலத்துக்கு வந்தன. இவை அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் ஓடிஸ் வசம் இருந்தன. ஆன்டிகோரம் என்ற ஏல நிறுவனம் மதிப்பிட்ட விலை 20,000 முதல் 30,000 டாலர் வரை மட்டுமே.

விலை ஏறிய காரணம்

ஏலத்தில் ஒரு பொருளின் விலையை அதன் பயன்பாடு தீர்மானிப்பதில்லை. பொருள் அரியதாக இருக்க வேண்டும்; அது உண்மையானது என்பதற்குச் சான்று வேண்டும்; விட்டுக்கொடுக்காத இருவராவது போட்டியிட வேண்டும். 1945ஆம் ஆண்டின் ரொமானே-கோன்டி ஒயின் புட்டி ஒன்று, 2018இல் நியூயார்க்கில் 5,58,000 டாலருக்கு விலைபோனதும் இப்படித்தான். அத்தகைய புட்டி பெரும்பாலும் திறக்கப்படுவதில்லை. வெற்றிச் சின்னமாகவே காக்கப்படுகிறது.

காந்தியின் பொருட்களுக்குச் செய்திகளே போட்டியைக் கூட்டின. காந்தி நிறுவிய நவஜீவன் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் ஏலத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பொருட்களை மீட்க வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. ஏழைகளின் மருத்துவத்துக்கு இந்திய அரசு கூடுதலாகச் செலவிட்டால் பொருட்களைத் தருவதாக ஓடிஸ் கூறினார், உடன்பாடு ஏற்படவில்லை. கடைசி நேரத்தில் அவர் ஏலத்தைக் கைவிட விரும்பியும் அது நடந்தேறியது.

எழுந்த கேள்விகள்

உடைமை கொள்ளாமையைத் தம் ஆசிரம நோன்புகளுள் ஒன்றாக வைத்தவர் காந்தி. மதுவிலக்கையும் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். அவருடைய தட்டும் செருப்பும் மது வணிகத்தில் ஈட்டிய பணத்தால் மீட்கப்பட்டதைப் பலர் முரணாகக் கண்டனர். வெளிநாட்டினர் கைக்குப் போகாமல் காத்தாரே என்று பாராட்டியவர்களும் உண்டு.

தனியார் கையில் உள்ள பொருள் எந்நேரமும் கைமாறலாம். லண்டன் ஏலம் ஒன்றில் வாங்கிய திப்பு சுல்தான் வாளை மல்லையா 2016இல் பிறருக்குக் கொடுத்துவிட்டதாக, 2018இல் லண்டன் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

வேறு வழி

2012இல் காந்திக்கும் அவருடைய தென்னாப்பிரிக்க நண்பர் ஹெர்மன் காலன்பாக்குக்கும் தொடர்புடைய ஆவணங்கள் லண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தன. இந்திய அரசு ஏலத்துக்கு முன்பே பேசி அவற்றை வாங்கியது. அவை தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தன. ஏல அரங்கின் போட்டி தவிர்க்கப்பட்டதோடு, ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்கவும் வழி பிறந்தது.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சான்று மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட இங்கு, காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1921இல் அவர் அரையாடைக்கு மாறியதும் மதுரையில்தான். அந்த ஆடைக்கு ஏல விலை எதுவும் குறிக்கப்படவில்லை. பள்ளி மாணவரும் அதன் முன் நின்று பார்க்க முடிகிறது.