பாதி பாட்டில் தண்ணீர் ஏன் திரும்பி வருகிறது?

காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ். பிறகு வகுப்பு, பிற்பகல் முழுக்க லேப், மாலை மறுபடி அதே பஸ். வீடு சேர ஏழு மணி. ஸ்ரீபெரும்புதூர், ஓ.எம்.ஆர். பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்னையிலிருந்து போய்வரும் பிள்ளைகளுக்கு இது சாதாரண நாள். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். அம்மா நிரப்பித்தான் கொடுத்திருப்பார். சாயங்காலம் அதில் பாதி அப்படியே திரும்பி வரும்.

"தண்ணி குடிக்கக்கூடவா நேரமில்லை?" என்று வீட்டில் கடிந்துகொள்வார்கள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதுதான் சிக்கல். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வழியே இல்லை. வகுப்பு நடுவே எழுந்து அனுமதி கேட்கக் கூச்சம். இடைவேளையோ பத்து நிமிடம், அதற்குள் வரிசை. வரிசை முடிந்து உள்ளே போனால் தாழ்ப்பாள் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது. இதையெல்லாம் தினம் பார்க்கும் ஒரு பெண், காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். அவளைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடக்குவதில் தொடங்கும் தொல்லை

பெண்களின் சிறுநீர்ப் புறவழிக் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. வரை இருக்கும். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி அந்தக் குறுகிய தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் எளிதாக ஏறிவிடுகிறது. சிறுநீர் அடிக்கடி வெளியேறும்போது கிருமியும் அடித்துச் செல்லப்படும். தண்ணீரையும் குறைத்து, வரும் சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால் அந்தக் கிருமி உள்ளேயே பெருகும். எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, போய்விட்டு வந்த உடனே மறுபடி போகத் தோன்றுவது என்று நீர்க்கடுப்பு தொடங்கும்.

தண்ணீர் இதில் எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே குடித்துவந்த 140 பெண்களை ஒரு ஆய்வில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. 2018இல் வெளியான முடிவு இது. மாத்திரை எதுவுமின்றி, வெறும் தண்ணீரால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாப் பக்க வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். அறைத்தோழிக்குப் போன மாதம் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சமிருப்பதை விழுங்க வேண்டாம். அரைகுறையாகச் சாப்பிடும் ஆன்டிபயாடிக், அடுத்த முறை மருந்துக்கு மசியாத கிருமியை வளர்த்துவிடும்.

மாதவிடாய் நாட்களில் தண்ணீரைக் குறைப்பது இன்னும் அதிகம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்குச் சுத்தமான இடம் இல்லாத கல்லூரியில் அதுவும் தள்ளிப்போகிறது.

எவ்வளவு குடித்தால் போதும்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்ன அளவு: உணவில் இருக்கும் நீரையும் சேர்த்துப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அது மிதமான வெப்பநிலைக்கான கணக்கு. சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கும், கிரவுண்டில் கபடி ஆடுபவருக்கும் அது போதாது.

உணவில் இருக்கும் நீர் என்றேனே, நம் சாப்பாட்டில் அது நிறையவே உண்டு. சோற்றிலும் இட்லியிலும் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். ரசம், மோர், சாம்பார், சுரைக்காய்க் கூட்டு எல்லாம் அதற்கு மேல். காலை உணவைத் தவிர்த்துவிட்டு, மதியம் இரண்டு பப்ஸ், இரவு ஒரு பாக்கெட் சிப்ஸ் என்று ஓட்டும் ஹாஸ்டல் பிள்ளை சத்தோடு சேர்த்து நீரையும் இழக்கிறார். நான்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினாலே கணிசமான நீர் உள்ளே போய்விடும்.

அளவுக் கோப்பையோடு அலைய வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள். அடர் மஞ்சளாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் போதவில்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடும் நாட்களில் மட்டும் இந்த அடையாளம் பொய்க்கும்.

தாகம் எடுக்கும்போது உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் நீர் குறைந்திருக்கக்கூடும். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது அரை லிட்டருக்குக் குறையாது. பிற்பகல் வகுப்பில் தலை கனப்பது, பாடம் மனதில் ஏறாதது, எரிச்சல் ஆகியவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தலைவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது ஆபத்து. உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும். முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து அரை மணி பொறுத்துப் பாருங்கள்.

இரவு வந்து ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடித்து ஈடுகட்டுவதும் சரியில்லை. ஆரோக்கியமான சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்வரைதான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

கேன்டீனில் என்ன வாங்குவது?

டீ, காபி நீரை வற்றச் செய்துவிடும் என்ற பயம் தேவையில்லை. இரண்டு மூன்று டம்ளர்வரை அவையும் நீர்க்கணக்கில் சேரும். 300 மி.லி. கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு நல்லதெனச் சொல்லும் 25 கிராமை அந்த ஒரு பாட்டிலே தாண்டிவிடும். தேர்வு இரவுகளில் எனர்ஜி டிரிங்க் குடிப்பவர்கள் கெடுத்துக்கொள்வது தூக்கத்தை. தூக்கம் போனால் படித்ததும் தங்காது.

உப்புப் போட்ட நீர்மோருக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். விலை குறைவு, வியர்வையில் போன உப்பும் திரும்பக் கிடைக்கும். இளநீர், நுங்கு, தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு எல்லாமே கோடையில் கல்லூரி வாசலிலேயே கிடைக்கும்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொடிதான் வேண்டும். ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் என்ற விகிதத்தில் குடல் நீரை நன்றாக உறிஞ்சுகிறது. அந்தப் பெயரைப் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு இருந்தது. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்தப் பெயரை அவை பயன்படுத்தத் தடை விதித்தது. மருந்துக் கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவன அளவுப்படி உள்ளதா என்று உறையைப் படித்து வாங்குங்கள்.

சிறுநீரகக் கல்

பையன்கள் கழிப்பறைக்குப் பயப்படுவது குறைவு. ஆனால் அவர்களும் குடிப்பதில்லை. நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானால் கால்சியமும் ஆக்சலேட்டும் படிந்து கல்லாகும். முதுகின் பக்கவாட்டில் தொடங்கித் தொடை இடுக்குவரை இழுக்கும் வலி, நிற்கவும் உட்காரவும் விடாது. ஒருமுறை கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வாழைத்தண்டு நல்ல உணவுதான். அதை மட்டும் நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கல்லூரி செய்ய வேண்டியது

கேரளப் பள்ளிகள் சிலவற்றில் 2019இல் 'வாட்டர் பெல்' அடிக்கத் தொடங்கினார்கள். 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை மணியடித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் நாம், அடுத்த ஆண்டே அதே பிள்ளையைக் கல்லூரியில் கைவிட்டுவிடுகிறோம். கல்லூரிக்கு மணி வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, கேட்காமலே எழுந்து போகலாம் என்ற அனுமதி, வாரம் தவறாமல் கழுவப்படும் குடிநீர்த் தொட்டி, மூன்று மணி நேரத் தேர்வு அறைக்குள் ஒளிபுகும் பாட்டில் கொண்டுபோகும் உரிமை. இவ்வளவுதான் கேட்கிறோம். மாணவர் குறைதீர்க் கூட்டத்தில் இதை எழுத்து மூலமாகக் கேளுங்கள். கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோரும் பிளேஸ்மென்ட் விவரம் விசாரித்த கையோடு, மாணவியர் கழிப்பறையைக் காட்டச் சொல்லலாம்.