திரை இருண்டால் திகைக்க வேண்டாம்

பள்ளி வேலையை முடிக்க வேண்டுமென்று உங்கள் பிள்ளை வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியை இயக்குகிறான். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கிறது. ஆனால் மானிட்டரின் திரையில் ஒன்றும் தெரியவில்லை. இந்நிலையில் பல இல்லங்களில் இரண்டு முடிவுகளில் ஒன்று உடனே எடுக்கப்படுகிறது. "பழையதுதானே, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம்" என்பது ஒன்று. "பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாம்" என்பது மற்றொன்று. முன்னது வீண்செலவு, பின்னது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இவ்விரண்டுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய எளிய சோதனைகள் சில உள்ளன.

மானிட்டர் தானாகப் படத்தை உருவாக்குவதில்லை. கணிப்பொறி அனுப்புவதைக் காட்டுவது மட்டுமே அதன் பணி. ஆகவே, கெட்டிருப்பது காட்டும் கருவியா, அனுப்பும் கருவியா என்பதையே முதலில் அறிய வேண்டும்.

விளக்கைப் பாருங்கள்

மானிட்டரின் முன்பக்கம் ஒரு சிறு விளக்கு இருக்கும். அது எரியவே இல்லையென்றால் மின்சாரம் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். அதே பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். மானிட்டரின் மின் ஒயரும் கணிப்பொறிப் பெட்டியின் மின் ஒயரும் பெரும்பாலும் ஒரே வகையானவை. அவ்வாறிருப்பின் ஒன்றுக்கொன்று மாற்றிச் சோதிக்கலாம். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ, மின்சாரம் வருகிறது, ஆனால் கணிப்பொறியிலிருந்து படம் வரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பச்சையாகவோ நீலமாகவோ நிலைத்து எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், ஒளி அளவைக் குறைக்கும் பொத்தானை யாரேனும் திருப்பிவிட்டார்களா என்று பாருங்கள்.

கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

அடுத்த சோதனை மிகவும் பயனுள்ளது. மானிட்டர் இயங்கிக் கொண்டிருக்கும்போதே, படம் கொண்டுவரும் கேபிளைக் கணிப்பொறியின் பக்கம் மட்டும் கழற்றுங்கள். 'சிக்னல் இல்லை' என்ற பொருளில் ஏதேனும் செய்தி திரையில் தோன்றினால், மானிட்டர் நலமாகவே இருக்கிறது என்று அறியலாம். மிகப் பழைய மானிட்டர்களில் இவ்வசதி இல்லை. எனவே செய்தி தோன்றாததை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

கழற்றிய கேபிளின் முனையையும் கவனியுங்கள். பழைய மானிட்டர்களில் இருப்பது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. இணைப்பு. மூன்று வரிசைகளில் பதினைந்து ஊசிகளுக்கு அதில் இடமுண்டு. ஓர் ஊசி வளைந்திருந்தாலும் படம் வராமல் போகலாம், அல்லது நிறம் மாறலாம். சில கேபிள்களில் நடு வரிசையில் ஓரிடம் காலியாகவே இருக்கும், அது குறையன்று. திரும்பச் செருகியபின் இருபுறத் திருகுகளையும் இறுக்குங்கள்.

கணிப்பொறியில் படத்திற்கெனத் தனி அட்டை பொருத்தப்பட்டிருந்தால், கேபிளை அந்த அட்டையில்தான் செருக வேண்டும். மானிட்டரில் இரண்டு இணைப்புகள் இருந்தால், சரியான இணைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

ஒலியைக் கேளுங்கள்

பழைய கணிப்பொறிகள் பல, தொடக்கத்தில் ஒரு சிறு 'பீப்' ஒலி எழுப்பும். சோதனை நல்லபடி முடிந்தது என்பதற்கு அது அடையாளம். ஒலி பலமுறை தொடர்ந்தால், நினைவகத்திலோ பட அட்டையிலோ குறையிருக்கலாம். மின் ஒயரை முழுவதும் கழற்றிவிட்டு, ரேம் பலகையை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, இருபுறக் கொக்கிகளும் பிடித்துக்கொள்ளும்வரை அழுத்திப் பொருத்தினால், பல வேளைகளில் படம் திரும்பிவிடும்.

முதலில் எழுத்துகள் தோன்றி, விண்டோஸ் தொடங்கும்போது திரை இருண்டால், பழைய மானிட்டரால் தாங்க முடியாத அளவில் படம் அனுப்பப்படுகிறது என்று ஐயுறலாம். வேறொரு மானிட்டரை இணைத்து, படத்தின் அளவைக் குறைத்து, வேகத்தை 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றிவிட்டால் போதுமானது.

தட்டைத் திரையா? டார்ச்சை எடுங்கள்

தட்டை மானிட்டர் ஒரு நொடி படம் காட்டி இருண்டுவிட்டால், அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், திரை பழுதில்லை. அதன் பின்னாலுள்ள ஒளிவிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் பகுதியோதான் பழுது. பழுது பார்ப்பவரிடம் இதைச் சொன்னாலே அவருடைய பாதி வேலை முடிந்துவிடும்.

பின்மூடியைத் திறக்காதீர்கள்

பின்புறம் பருத்த பழைய மானிட்டரினுள் இருப்பது, ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் உருவாக்கிய கதிர்க்குழாயின் வழிவந்த கண்ணாடிக் குழாய். வண்ண மானிட்டர்களில் அதற்கு 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் செலுத்தப்படுகிறது. மின் ஒயரைப் பிடுங்கிய பின்னரும் அந்த மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கலாம். மேலும், காற்றகற்றப்பட்ட அக்குழாய் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் சிதறும். எனவே இந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள். தீய்ந்த வாடையோ புகையோ வந்தால் வேறெதுவும் செய்யாமல் சுவரிலுள்ள ஸ்விட்சை நிறுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் படம் வராவிட்டால், அதைக் குப்பையில் எறியாதீர்கள். அக்குழாயின் கண்ணாடியில் ஈயம் மிகுதியாக உள்ளது. உடைத்துச் செம்புக் கம்பியை மட்டும் எடுத்துக்கொள்வோரிடம் கொடுத்தால், அந்த நஞ்சு மண்ணில் கலக்கும். இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களிடம் ஒப்படைப்பதே முறை.

கெட்டது எதுவென்று அறியுமுன் பணத்தையும் இழக்க வேண்டாம். பொருளையும் இழக்க வேண்டாம். பல நேரங்களில் இருண்ட திரைக்குக் காரணம், தளர்ந்துபோன ஒரு கேபிள் மட்டுமே!