அம்மாயியின் பெயரும் பேத்தியின் பெயரும்

சென்ற நவம்பர் மாதம் மூன்றாம் வாரத்தில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாளே பெயர் குறித்த பேச்சு தொடங்கிவிட்டது. எண்பது வயதைக் கடந்த என் தாயார், தம் தாயின் பெயரையே கொள்ளுப்பேத்திக்குச் சூட்ட வேண்டும் என்றார். என் அம்மாயியின் பெயர் வியாகுலம்.

"அப்பாயி, அகராதியில் அதற்குத் துயரம் என்று பொருள் போட்டிருக்கிறது. பிறந்த பிள்ளையைத் துயரமே என்று கூப்பிடலாமா?" என்று கேட்டாள் என் மகள். அவள் விரும்பியது யாழினி. மருமகன் வீட்டாருக்கோ ஒலிவியா என்ற பெயர் பிடித்திருந்தது. மூன்று பெயர்கள், மூவரிடமும் நியாயம் இருந்தது. முடிவு சொல்ல வேண்டியவனாக என்னைப் பார்த்தார்கள். நானோ இந்த விஷயத்தில் முன்பே ஒருமுறை தவறு செய்தவன். ஆகவே முடிவு சொல்லுமுன், கிறிஸ்தவக் குடும்பங்களில் புனிதர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது எந்த அளவுக்குக் கட்டாயமானது என்று தேடிப் படித்தேன். தமிழகத்தில் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது என்பதால், அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் திருமுழுக்குப் பெற்றதும் பெயரை மாற்றிக்கொண்டாக வேண்டும் என்று கருதவில்லை. பவுலின் மடல்களில் வரும் அப்பொல்லோ, பெபேயாள், எர்மே ஆகிய பெயர்கள் யாவும் கிரேக்கத் தெய்வங்களோடு தொடர்புடையவை. மார்ட்டின் என்பது ரோமானியரின் போர்த்தெய்வமான மார்ஸ் பெயரிலிருந்து வந்தது. இசிதோர் என்றால் எகிப்தியப் பெண் தெய்வமான இசிசின் கொடை என்று பொருள். இன்று இவை யாவும் புனிதர்களின் பெயர்களாகப் போற்றப்படுகின்றன. சொல்லின் வேரால் அவை கிறிஸ்தவப் பெயர்கள் ஆகவில்லை. அவற்றைத் தாங்கிய மனிதர்கள் வாழ்ந்த வாழ்க்கையே அவற்றை அப்படி ஆக்கியது.

புனிதரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்ற வலியுறுத்தல் பின்னர்தான் உறுதிப்பட்டது. திரிதெந்தின் பொதுச்சங்கத்தைத் தொடர்ந்து 1566இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், பெயருக்குரிய புனிதரைக் குழந்தை வாழ்வில் பின்பற்றவும் அவருடைய பாதுகாப்பை நாடவும் வேண்டும் என்ற நோக்கில் இதை வலியுறுத்தியது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெற்றோர் கிறிஸ்தவப் பெயரை ஏற்காவிட்டால், அவர்கள் விரும்பும் பெயருடன் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுமாறு பங்குத்தந்தையரைப் பணித்தது. இப்போது நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855ஆம் பிரிவோ, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் சூட்டப்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. புனிதரின் பெயர் இன்றைய நிலையில் கட்டாயமன்று. அது ஒரு மரபு. பெரியவர்களில் பலர் இம்மாற்றத்தை அறியாமலேயே "சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ் மண்ணில் இந்த மரபு வேரூன்றிய விதம் தனித்துவமானது. கடற்கரை ஊர்களில் போர்த்துகீசியர் வழியாகப் பெயர்கள் ஒலி மாறி வந்தன. ஜோசே என்பது சூசை ஆயிற்று. சந்தியாகோ சந்தியாகு ஆனது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரின் பெயரிலிருந்து சவரிமுத்து, சவரியம்மாள் போன்ற பெயர்கள் கிளைத்தன. உள்நாட்டில் நடந்ததோ வேறு. அங்கே ஒலியைவிடப் பொருளே முதன்மை பெற்றது. யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்று பொருள். ஆகவே அவர் அருளப்பர் ஆனார். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், அவர் சின்னப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் மணிமுடி; அவர் முடியப்பர். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோ தமிழ் மக்களிடையே அருளானந்தராக வாழ்ந்தார். உறுதி என்ற பொருள் தரும் கொன்ஸ்தான்சோ என்ற இயற்பெயரைக் கொண்ட பெஸ்கி, வீரமாமுனிவர் என்று அறியப்படுமுன் தைரியநாதர் எனப்பட்டார்.

இந்த முறைக்கு மிகச் சிறந்த சான்று தேவசகாயம். நீலகண்டன் என்ற அவர் 1745இல் திருமுழுக்குப் பெற்றபோது ஏற்றது இலாசர் என்ற பெயர். கடவுள் உதவினார் என்ற அதன் பொருளைத் தமிழாக்கியே தேவசகாயம் என்றார்கள். 1752இல் கொல்லப்பட்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரு பெயரின் மொழிபெயர்ப்பாகத் தொடங்கியது, இன்று தன்னளவிலேயே ஒரு புனிதரின் பெயராகிவிட்டது.

அன்னை மரியாவின் பெயர்கள் இன்னொரு வரிசை. வேளாங்கண்ணியிலிருந்து ஆரோக்கியம், தூத்துக்குடியிலிருந்து பனிமயம், 1858இல் பிரான்சில் நிகழ்ந்த காட்சிக்குப் பின் லூர்து என இவை வந்தன. அமலோற்பவம், செபமாலை, அடைக்கலம் ஆகியவையும் இவ்வகையே. வியாகுலமும் இதில் ஒன்று. செப்டம்பர் 15 அன்று கொண்டாடப்படும் வியாகுல மாதா, சிலுவையின் அடியில் நின்ற தாய். இதே பெயர்தான் ஸ்பானிய மொழியில் தொலோரெஸ். அங்கே அது கௌரவமான பெண் பெயர். இரக்கத்தின் அன்னையைக் குறிக்கும் மெர்சிடிஸ் என்ற பெயரும் அவ்வாறே வந்தது. கார் வணிகர் ஒருவரின் மகளுக்குச் சூட்டிய அப்பெயர், பின்னர் காருக்கும் ஆனது. அந்தக் காரில் ஏறப் பெருமைப்படும் நாம், வீட்டில் ஒருத்திக்கு உபகாரம் என்று பெயர் வைக்கத் தயங்குகிறோம். நம்முடைய கூச்சம் பெயரின் பொருளைப் பற்றியதாகத் தெரியவில்லை. அது தமிழில் இருப்பதே நமக்கு உறுத்துகிறது.

கூச்சம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, சபைகளின் ஒற்றுமைக்கு உதவிய ஓர் அரும்பணி. ஆயினும் அதில் அருளப்பர் யோவான் ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். சூசை யோசேப்பு ஆனார். என் தலைமுறையில் அருளப்பன் என்று பெயர் கொண்ட சிறுவன், கோயிலில் நற்செய்தி வாசிக்கப்படும்போது தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்று அப்பெயர் கொண்ட சிறுவனுக்கு அந்த அனுபவம் வாய்க்காது. வழிபாட்டில் ஒலிக்காத பெயர் வீட்டிலும் மெல்ல மறைவது இயல்பே.

அந்த வெற்றிடத்தில் இப்போதைய பெயர்கள் வந்தமர்ந்தன. இவற்றில் எது கிறிஸ்தவப் பெயர் என்பதிலும் நமக்குக் குழப்பம் உண்டு. கெவின் என்றால் வெறும் நாகரிகப் பெயர் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். அது அயர்லாந்தின் கிளெண்டலாக் மடத்தை நிறுவிய ஒரு துறவியின் பெயர். அமெரிக்காவில் 2017 முதல் பல ஆண்டுகள் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் வகித்த லியாம், வில்லியம் என்பதன் ஐரியச் சுருக்கம். மருமகன் வீட்டார் சொன்ன ஒலிவியா, ஷேக்ஸ்பியர் நாடகத்தால் பரவிய பெயர். சிசிலியின் பலேர்மோ நகரில் போற்றப்படும் புனிதை ஒருவருக்கும் அப்பெயர் உண்டு. மாறாக, நம் ஊர்களில் கிறிஸ்தவப் பெயராகவே கருதப்படும் ஜெனிஃபர், ஆர்தர் மன்னன் கதையில் வரும் அரசி குவினிவியரின் பெயர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பெற்ற வடிவம். அமெரிக்காவில் 1970 முதல் 1984 வரை பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர் அதுவே.

இங்கேதான் என் தவறு வருகிறது. என் மகள் பிறந்தபோது தந்தைவழிப் பாட்டியின் நினைவாகக் கோயிலில் சவரியம்மாள் என்று எழுதினேன். பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று அஞ்சி ஜெனிஃபர் என்று கொடுத்தேன். அதுவும் கிறிஸ்தவப் பெயர்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவளுடைய திருமணத்தின்போது திருமுழுக்குச் சான்றிதழில் ஒருத்தி, கல்விச் சான்றிதழில் வேறொருத்தி. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு இரு மாதங்கள் அலைந்தோம். "எனக்கு எந்தப் பெயர்தான் சொந்தம்?" என்று அவள் அப்போது கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என்னுடையது வீண் கூச்சத்தால் வந்த வினை. வேறு வழியின்றி இரு பெயர்களோடு வாழ்வோரும் நம்மிடையே உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, தொடக்கத்தில் இந்துக்களையும் 1956 முதல் சீக்கியரையும் 1990 முதல் பௌத்தரையும் உள்ளடக்குகிறது, கிறிஸ்தவர்களை உள்ளடக்கவில்லை. தலித் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றுக்குப் புனிதரின் பெயர் என்பது, படிப்பிலும் வேலையிலும் இழப்பைக் கொண்டுவரக்கூடிய அடையாளமாகிறது. கோயிலில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக அவர்கள் வாழ்வதைப் பிறர் ஒழுக்கக் குறையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதில் பங்குகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது பெயரைக் கேட்டதும் குரல் மாறுவதை உணர்ந்தவர்களும், பெயரிலிருந்தே சமயம் தெரியாதிருப்பது நல்லது என்று எண்ணுவதில் வியப்பில்லை. பொதுவான தமிழ்ப் பெயரை நாடும் இளம் பெற்றோர் எல்லாரும் மரபை வெறுப்பவர்கள் அல்லர்.

நடைமுறைச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். பிறப்பு பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிப் பதிவேட்டில் சேர்க்கலாம். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்நாளிலோ அதன்பின்போ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் ஆதாரம். அதில் எழுதும் பெயரையே கோயிலிலும் எழுதுவது குழந்தைக்கு நாம் செய்யும் முதல் உதவி. எழுத்துக்கூட்டலும் இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் வீட்டில் சொன்னேன். பழைய முறையை நாமும் ஏன் கையாளக் கூடாது என்று கேட்டேன். யோவானை அருளப்பர் ஆக்கியவர்கள் புனிதரைத் தமிழில் அழைத்தார்கள். இசையின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் செசிலியாவின் திருவிழா நவம்பர் 22. குழந்தை பிறந்ததும் அதே வாரம். யாழை மீட்டுபவள் என்று நாங்கள் பொருள் கொண்ட யாழினியை அவருடைய தமிழ்ப் பெயராகக் கொண்டால் என்ன? மருமகன் முதலில் தயங்கினார். பிறகு தம் பெற்றோரிடம் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பங்குத்தந்தையிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. பாதுகாவலர் யார் என்று குழந்தைக்குச் சொல்லி வளர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். யாழினி என்ற ஒரே பெயர் இரண்டு பதிவேடுகளிலும் ஏறியது.

இது எல்லாரையும் நிறைவு செய்த தீர்வு என்று சொல்ல மாட்டேன். என் தாயார் அன்று அதிகம் பேசவில்லை. மாலையில்தான், வியாகுலம் என்ற பெயர் வந்த கதையை என் மகளிடம் சொன்னார். அம்மாயிக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் தவறிவிட்டன. மூன்றாவது நிலைக்க வேண்டும் என்று அவர்களுடைய தாய் வியாகுல மாதாவிடம் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. அகராதி தரும் பொருளில் இந்தக் கதை இல்லை. எனக்கே அது அன்றுதான் தெரியும். நாங்கள் சூட்டாமல் விட்ட பெயரோடு எதை இழந்தோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

என் மகள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுத் திருவிவிலியத்தின் முதல் தாளில், யாழினி என்று எழுதி அதற்கான காரணத்தையும், அதன் மேலே வியாகுலம் என்று எழுதி அதற்கான காரணத்தையும் குறித்து வைத்தாள். தன்னுடைய இரண்டு பெயர்களையும் நடுவில் எழுதினாள். அவற்றுக்கு நேரே என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். "அப்பா பயந்துவிட்டேன் என்று எழுது" என்றேன்.